சோலை இல்லாத வீட்டுக்குச் சோலைவரி

சோலைவரி என்றால் சோலைக்குப் போடும் வரி என்றுதான் நான் நம்பியிருந்தேன். சோலை என்றால் மரம், நிழல், ஒன்றிரண்டு குயில். அப்படி ஏதாவது ஒரு வீட்டில் இருந்தால் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வரி கேட்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். நான் வாங்கப் போன கொட்டாஞ்சேனைக் கட்டடத்தின் பின்முற்றத்தில் ஒரேயொரு பப்பாசி மரம் நின்றது. அதுவும் ஆண் பப்பாசி. காய்க்காத மரத்துக்கு என்ன பெரிய வரி கேட்டுவிடப் போகிறார்கள்?

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்காக மாநகர சபைக்குக் கட்டும் பணத்துக்கு எங்கள் வீதியில் வரிப்பணம் என்று பெயர். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல். கொஞ்சம் படித்தவர்கள் ரேட்ஸ் என்பார்கள். அதே பணத்தை வடக்கில் சோலைவரி என்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு மனைவி எனக்கு இருக்கிறாள் என்பது உண்மைதான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் கட்டடம் வாங்குவது அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது என் தொழில். “தீர்வை கட்டியாச்சா? பாக்கி ஏதும் இருக்கா? முதல்ல அதைப் பாருங்கோ” என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் இது. கூட்டாளி என் பங்கை வாங்கிக்கொண்டு என்னை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பியபோது கையில் ஒரு தொகை வந்தது. அந்தத் தொகையும், வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்த வீடும்தான் எங்கள் வயதான காலத்துக்கான மொத்த ஏற்பாடு. வீடு மனைவியின் சீதனம். தொகை என்னுடையது. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனைவி அந்தத் தொகையை நிலையான வைப்பில் போடச் சொன்னாள். நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அந்தக் கட்டடத்தை நேரில் பார்த்தவர்கள் என்னைக் கொஞ்சமாவது மன்னிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் வியாபாரி ஒருவர் கீழே அலுவல் பார்க்கும் கந்தோரும் மேலே குடித்தனமுமாகக் கட்டியது. வீதியைப் பார்த்து நீளமான மர பல்கனி. கதவுகளுக்கு மேலே விசிறிபோல் விரிந்த வண்ணக் கண்ணாடி. அதில் உடைந்துபோன ஒரு பச்சைத் துண்டுக்குப் பதிலாக பிஸ்கற் பெட்டியின் அட்டை. தேக்கு மரப் படிகள் ஏறும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் முனகும். மேலே நான்கு அறைகளை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், கீழே ஒரு கோப்பிக் கடை போடலாம் என்று கணக்குப் போட்டேன். பரிமாறுகிறவர்களின் சட்டை என்ன நிறம் என்பதுவரைக்கும் தீர்மானித்துவிட்டேன். முன்கதவில் கிழிந்தும் கிழியாமலும் ஒட்டியிருந்த மஞ்சள் கடதாசிகூட அந்தப் பழைமைக்கு அழகாகத்தான் இருந்தது. அதைப் போனில் படம் பிடித்தும் வைத்தேன்.

“அண்ணே, பக்கத்துல வெறும் காணி போன வெலையில பாதிக்கு முழு மாளிகையே தாராங்க” என்றான் தரகன். “உங்க முகராசி அண்ணே, வேற ஒண்ணுமில்ல.”

நானும் முகராசி என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ஓரளவு நம்பக்கூடியதாகவே இருந்தது.

விற்கிறவர் ஒரு அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். புருஷன் வழியாக வந்த அந்தக் கட்டடத்தின் பின்னறை ஒன்றில் தனியாக இருந்தார். தேநீர் தந்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, ஒளிச்சு மறைச்சு எனக்குப் பழக்கமில்லை. இந்த வளவு ஈட்டில இருக்கு. நீங்கள் தாற முற்பணத்தில அதை மீட்டுப்போடுவன்.”

மோட்கேஜ் என்று சொல்லியிருந்தால் நான் துள்ளி எழும்பியிருப்பேன். அவர் நல்ல தமிழில் ஈடு என்றார். எனக்கு நினைவு வந்தது நட்டஈடு. கொள்கலனில் சாமான் உடைந்து வந்தால் காப்புறுதிக்காரர் கொடுப்பது. யாரோ யாருக்கோ ஏதோ கொடுக்கிறார்கள், நல்ல காரியம்தானே என்று தலையாட்டினேன்.

“சோலைவரியும் கொஞ்சக் காலமாக் கட்டேல்லை. அதை நீங்கள்தான் பொறுப்பெடுக்கோணும்.”

நான் எட்டிப் பின்முற்றத்தைப் பார்த்தேன். பப்பாசி மரத்தில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

“அதையெல்லாம் நான் பாத்துக்கொள்றன் அன்ரி. அந்த ஒத்தை மரத்துக்காக உங்களோட வாதாடுவனா?”

அவர் சிரித்தார். நான் ஏதோ கொழும்புப் பகிடி விட்டதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். தரகன் எங்கள் இரண்டு பேரையும் விடக் கூடுதலாகச் சிரித்தான்.

உடன்படிக்கை எழுதும்போது என் பெருந்தன்மை எல்லை மீறியது. “நிலுவையிலுள்ள சோலைவரி முழுவதையும் வாங்குபவரே செலுத்துவார்” என்று எழுதச் சொன்னதே நான்தான். பத்திரம் எழுதத் தரகன் கூட்டிவந்த நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“முழுவதையும் எண்டே போடவா?”

“போடுங்கோ, போடுங்கோ. முழுவதையும்.”

மூன்று மாதத்துக்குள் மிச்சப் பணத்தைக் கொடுத்து உறுதி, அதாவது கிரயப் பத்திரம், எழுதி முடிக்க வேண்டும்; முடிக்காவிட்டால் முற்பணம் திரும்பி வராது. முற்பணமாகப் போனது என் தொகையில் பாதிக்கும் மேல். நான் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்தவர்கள் நான்தான் விற்கிறவன் என்று நினைத்திருப்பார்கள்.

சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம், இனியும் மறைத்தால் என் திறமையைப் பாராட்ட ஆளில்லாமல் போய்விடும் என்று, மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பல்கனி, வண்ணக் கண்ணாடி, பாதி விலை எல்லாம் சொன்னேன். முற்பணம் எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கடித்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

“எழுத்தில என்ன இருக்கு?”

“எல்லாம் பக்கா. சோலைவரியை மட்டும் நான் கட்டுறன் எண்டு பெரிய மனசோட ஒத்துக்கொண்டனான். அங்க ஒரு பப்பாசி மரம்தான் நிக்குது.”

“என்ன மரம்?”

“பப்பாசி. அதுவும் ஆண்.”

“சோலைவரிக்கும் பப்பாசிக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“சோலை எண்டா... மரம்தானே...”

அவள் என்னைப் பார்த்த பார்வையை வங்கியில் கள்ள நோட்டு கொண்டுவந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

“கடவுளே! சோலைவரி எண்டா ரேட்ஸ் அப்பா! வீட்டு வரி! எத்தினை வருசமாக் கட்டேல்லையாம்?”

“கொஞ்சக் காலம் எண்டுதான் சொன்னவ.”

“அவவுக்கு எத்தினை வயசு?”

“எழுபத்தைஞ்சுக்கு மேல இருக்கும்.”

“எழுபத்தைஞ்சு வயசு மனிசி கொஞ்சக் காலம் எண்டா அது எவ்வளவு எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களே?”

கீழே கடற்கரை ரயில் போனது. அலுமாரியில் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் நடுங்கின. அதில் எவ்வளவு ரயிலின் வேலை, எவ்வளவு என்னுடைய வேலை என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் காலையில் மாநகர சபைக்குப் போனேன். வரி எடுக்கும் இடத்தில் ஒரு சிங்களத் தம்பி இருந்தார், தன்மையான மனிதர். நான் கட்டடத்தின் இலக்கத்தைச் சொன்னதும் தட்டிப் பார்த்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் நீளமாக ஒரு எண். நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இந்த நம்பருக்கு எத்தனை மணிக்கு எடுத்தால் பெரியவரோடு கதைக்கலாம் என்று சிங்களத்தில் கேட்டேன்.

“மஹத்தயா, ஏக டெலிபோன் நம்பரயக் நெவெய்” என்றார். அது போன் நம்பர் இல்லையாம்.

“அப்ப?”

“ஹிங்க முதல.” நிலுவைப் பணம்.

வலமிருந்து இடமாக எண்ணினேன். பிறகு இடமிருந்து வலமாக எண்ணினேன். சதத்தைக் கழித்துவிட்டு எண்ணினேன். சதத்தைக் கழித்ததில் பெரிய சுகம் ஒன்றும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த என் காசு முழுவதையும் கொட்டினாலும் பாதிகூட அடைபடாது. நான்காவது தடவை எண்ணப் போனபோது சுவரில் சாய்ந்தேன்; சுவர் நான் நினைத்த இடத்தில் இல்லை. அந்தத் தம்பி ஓடிவந்து பிடித்து வாங்குப் பலகையில் இருத்தி, போத்தல் தண்ணீரை நீட்டினார். “ஹொந்தட ஹுஸ்ம கன்ன, மஹத்தயா.” நன்றாக மூச்சு விடச் சொன்னார். மூச்சுக்கு வரி உண்டா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், இல்லை என்று உறுதியாகப் பதில் சொன்னார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த நிலுவை ஆளின் தலையில் இல்லை, கட்டடத்தின் தலையில் இருக்கிறது. யார் வாங்கினாலும் கூடவே வரும். கட்டாமல் விட்டால் சபை கட்டடத்தைக் கையில் எடுத்து ஏலத்தில் விடலாம். அறிவித்தலும் ஒட்டியாயிற்று, மஞ்சள் கடதாசி, முன்கதவில் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அதன் அழகை ரசித்துப் படம் எடுத்ததைச் சொல்லவில்லை. அந்த மனிதர் ஏற்கனவே எனக்காக நிறையக் கவலைப்பட்டுவிட்டார்.

வெளியே வந்து தரகனுக்கு அழைத்தேன்.

“அண்ணே, இதுக்குப் போயி பயப்புடுவாங்களா? கைமாத்தி விட்டுருவோம். இடிச்சு ஃப்ளாட் கட்டுறவன் வரிசையில நிக்கிறான்.”

“இதை இடிக்கேலாதாம். பழைய கட்டடம் எண்டு பாதுகாப்பில இருக்காம். இப்பதான் உள்ளே சொன்னாங்க.”



“அண்ணே, லைன் கிளியர் இல்ல” என்றான். அதற்குப் பிறகு அவனுடைய லைன் ஒருநாளும் கிளியராக இருக்கவில்லை.

அங்கிருந்து நேரே கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியார் முன்னால் மண்டியிட்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். என்னுடையது காணாமல் போகவில்லை, எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், எடுக்கத்தான் முடியவில்லை என்று அவருக்கு விளக்கவே நேரம் பிடித்தது. மெழுகுதிரி கொளுத்தினேன். பெரிய நேர்த்திக்கடன் ஒன்று வைக்கலாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. முழுவதையும் நானே செலுத்துவேன் என்று இங்கேயும் சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழும்பி வந்துவிட்டேன்.

கணக்கை மனைவி வீட்டில் வைத்து எனக்குத் தெளிவாக்கினாள். மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முற்பணம் போய்விடும். முடிப்பதென்றால் மிச்ச விலையையும் கொடுத்து இந்த நிலுவையையும் கட்ட வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே வழி, நாங்கள் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீடுதான்.

“முதல்ல போய்க் காசைத் திருப்பிக் கேப்பம்” என்றாள். “அவவும் எங்கட ஊர் மனிசிதானே.”

இரண்டு பேரும் ஓட்டோவில் ஏறினோம்.  கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நின்றபோது மட்டும், “பெரிய மனசு” என்றாள். பிறகு கொட்டாஞ்சேனை வரும்வரைக்கும் பேச்சில்லை.

அன்ரியின் அறையில் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரரும் முதலில் ஊர், பள்ளிக்கூடம், யாரின் யார் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார்கள். நான் கதவோரம், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன்போல நின்றேன். பிறகு மனைவி விஷயத்தைச் சொன்னாள். அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப இவர் மரம் எண்டு சொன்னது பகிடி இல்லையே?”

“இல்லை அன்ரி. அவர் உண்மையாத்தான் சொன்னவர்.”

“ஐயோ பிள்ளை!” என்றார் அன்ரி. “வரி இவ்வளவு கிடக்கெண்டுதானே பாதி விலைக்குக் குடுத்தனான். இவர் சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டார். இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு மனிசனோ எண்டு நான் கோயில்ல போய் இவருக்காக மன்றாடினனான்.”

எனக்காக மன்றாடியவர் ஒருவர் இருந்தார் என்பது அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“முற்பணம்...” என்று மனைவி இழுத்தாள்.

“அது கையில இல்லை பிள்ளை. ஈடு பிடிச்சிருந்த செட்டியார் தெரு முதலாளியின்ர பிள்ளையளிட்டைக் குடுத்து அண்டைக்கே ஈட்டை மீட்டனான். எழுத்தில இருக்கே.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் ஏமாத்தேல்லை. வேணுமெண்டா உடன்படிக்கையைக் கிழிச்சுப்போடுவம். ஆரும் வேற ஆள் வாங்கினா உங்கட காசைத் தருவன். ஆர் வாங்கப் போயினம்? இதை ஏலத்தில விட்டா நான் தெருவில.”

ஏமாற்றியவர் என்று கோபப்பட ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. நான் எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்தேன். கோபப்படக்கூடிய ஒரே ஆளின் சட்டையை நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி எழும்பி மேலே போனாள். படிகள் முனகுவது கேட்டது. பிறகு மேல் அறைகளில் நடக்கும் சத்தம், ஜன்னல் ஒன்றைத் தள்ளித் திறக்கும் சத்தம், சுவரில் விரலால் தட்டும் சத்தம். அன்ரியும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்துக் கீழே வந்தவள், “கூரை எத்தினை இடத்தில ஒழுகுது அன்ரி?” என்றாள்.

“பின்பக்கத்து ரெண்டு அறையிலயும்.”

“சரி” என்றாள்.

வெளியே வந்து வீதியில் ஓட்டோவுக்குக் காத்து நின்றபோது சொன்னாள்: “வெள்ளவத்தை வீட்டை விப்பம்.”

அதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் சும்மா ஒத்திகை. உண்மையான அதிர்ச்சி அந்த நடைபாதையில்தான் வந்தது. “என்ன கதைக்கிறீர்? அது உம்மட சீதனம்! உம்மட அப்பா பாடுபட்டு...”

“அப்பா செத்துப்போனார். வரி சாகேல்லை.”

“வேற வழி இருக்கும். பொறும். யோசிப்பம்.”

“நீங்கள் யோசிச்சது காணும்.” விரல்விட்டுச் சொன்னாள். “முற்பணத்தை விட்டா எங்களுக்கு ஒண்டுமில்லை. வரியைக் கட்டினா கட்டடம் இருக்கும். கட்டடம் இல்லாத ஏமாளியை விடக் கட்டடம் இருக்கிற ஏமாளி திறம்.”

“நாலு பேர் என்ன சொல்லுவினம்?”

“மரக்கதையைச் சொல்லாட்டி ஒண்டும் சொல்லமாட்டினம். வாயை மூடிக்கொண்டு இருப்பீங்களே?”

இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். அந்த வாக்கை நான் எவ்வளவு காப்பாற்றினேன் என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வீடு விற்பது நான் பயந்ததைவிட வேகமாக நடந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஒரு குடும்பம் வந்து பார்த்து, கடல் தெரிகிறதா என்று மட்டும் கேட்டு, தெரியும் ஒரு மூலையில் நின்று படம் எடுத்துக்கொண்டு விலையைப் பேசி முடித்தது. மனைவி ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. நான் குறுக்கே பேசிவிடுவேனோ என்று என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். எங்கள் சாமான்கள் லொறியில் காலி வீதி வழியே வடக்குப் பக்கமாக வந்தன. நான் கோப்பைகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் வந்தேன். அவற்றில் ஒன்றும் உடையவில்லை. நான் அந்தப் பயணத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

வரியை அவளே போய்க் கட்டினாள். அன்ரி யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். மேலே முன்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் இருக்கிறோம். பின்பக்கத்து அறைகளில் வாளிகள் இருக்கின்றன. கோப்பிக் கடை இல்லை. கீழ்ப்பகுதியை மனைவி ரியூசன் வகுப்பு நடத்தும் ஒரு ரியூற்றரிக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறாள். பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகள் கணக்குப் போடும் சத்தம் மேலே வரும்.

உறுதி முடித்த அன்று நொத்தாரிசு யார் பெயரில் எழுதுவது என்று கேட்டார். உடன்படிக்கை என் பெயரில் இருந்தாலும், நான் சொல்லும் வேறொருவர் பெயரிலும் உறுதியை எழுதலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், “என்ர பெயரில” என்றாள் மனைவி. நொத்தாரிசு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வெள்ளவத்தை வீடு இப்போது வேறொருவருடையது. கொட்டாஞ்சேனைக் கட்டடம் மனைவியுடையது. உறுதியில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சாட்சி நான்.